ஏழு தரம் கழுவிய மோட்டார் சைக்கிள்

என்னைப் போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையிலிருந்து எழும்புகிற வயசுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகளிடம் சொல்லிப் பார்த்தேன். பெற்றோல் ஒழுகினதுக்கா இவ்வளவு காலமாகக் கோபம் என்று சிரிக்கிறார்கள். பெற்றோல் ஒழுகியதற்கு யாராவது கோபப்படுவார்களா? உங்களுக்கு விளங்கும். நம் காலத்தில் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் வீட்டில் நிற்பதும் எந்தெந்த அற்பச் சங்கதிகளில் தொங்கிக்கொண்டிருந்தது என்று நீங்கள் அறிவீர்கள்.

நாங்கள் அப்போது திகனயில் இருந்தோம். வெள்ளைக்காரன் காலம். எனக்குப் பத்து, பதினொரு வயசு இருக்கும். வாப்பா பொட்டணி வியாபாரி. துணிப் பொட்டணியைத் தூக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறிப் போவார். தொழிலாளர் லயத்து வாசலில் சேலையும் சீத்தைத் துணியும் விரித்துவிட்டு, கால் வீங்கித் திரும்பி வருவார். உம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் காலடியில் வைப்பார். அந்த உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு வாப்பா பெருமூச்சு விடும்போது நான் பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்கும். இங்கிலீஷ் பாடமாக இருந்தால் இன்னும் பிடிக்கும். ஒரு சொல் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டிக் கேட்பார்.

நான் படித்தது தெல்தெனியாப் பக்கம் பள்ளத்தில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இப்போது அந்த இடம் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. அங்கே மீன்கள்தான் படிக்கும். அந்தப் பள்ளிக்கூடத்தில் என் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமென்றால் கண்டி டவுனில் பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் ஊரில் முஸ்லிம் பெண்பிள்ளை ஒன்றுகூட அதுவரை அங்கே போனதில்லை. உம்மாதான் பிடிவாதமாக நின்றார். தனக்குக் குர்ஆன் ஓத மட்டும் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியாது, தன் பிள்ளைக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்றார். வாப்பா, தூரமாச்சே, யார் கூட்டிக்கொண்டு போவது என்று இழுத்தார். அந்த நேரத்தில்தான் மோட்டார் சைக்கிள் வந்தது.

கொண்டுவந்தவர் மாமா. உம்மாவின் ஒரே நானா, கூடப்பிறந்த அண்ணன். திகன பசாரில் கடை வைத்திருந்தார். மாமா வந்தால் வீடே எழுந்து உட்காரும். சட்டைப் பையில் எனக்கு எப்போதும் ஏதாவது இருக்கும். பேச்சு அப்படி இனிக்கும். அவர் சிரித்தால் வாய் நிறைய வெற்றிலைச் சிவப்பு தெரியும். வாப்பாவை விட எனக்கு மாமாவைத்தான் பிடிக்கும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். வாப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

பன்வில பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகிறார், பாவித்த வண்டி, கழுத்தறுக்காத விலை என்று மாமாவே பேசி, வாப்பாவிடம் காசு வாங்கி முடித்தார். தன் கடைக்குப் பின்னால் சில நாள் வைத்திருந்து, துடைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு பின்நேரம் தள்ளிக்கொண்டு வந்தார். பெற்றோல் தாங்கி, மட்கார்ட், இயந்திரத்தோடு ஒட்டித் தொங்கிய கார்புரேட்டர்வரை எல்லாம் ஒரே கறுப்பு.

"என்ட கையாலேயே அடிச்ச பெயின்ட் மச்சான். மாப்பிள்ள மாதிரி நிக்கிறார் பாருங்க" என்றார்.

வாப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இனி கண்டி தூரமில்லையே" என்று மட்டும் சொன்னார். வாப்பா சிரித்தார். "சரி சரி. புள்ளய நானே கொண்டு போய் விடுறேன்" என்றார். நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. சந்தோஷம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது, இன்றைக்கும் அப்படித்தான். அடுத்த நாளே உம்மா வாப்பாவின் சரக்கிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து எனக்குச் சட்டை வெட்டினார்.

மாமா பகிடிக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அந்தப் பகிடிதான் எல்லாவற்றுக்கும் துவக்கம். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "துரைட நாய் பெரிய ஆள் மச்சான். தாங்கியில முன்னங்கால வச்சி, நாக்க தொங்கப் போட்டுக்கொண்டுதான் சவாரி போகும். வழியெல்லாம் எச்சில் மழ."

வாப்பா சிரித்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த உம்மாவின் கை நின்றுவிட்டது.

நாய் நக்கிய பாத்திரத்தை என்ன செய்ய வேண்டும் என்று நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். அந்த வண்டியில் உட்கார்ந்து வந்த சாரத்தோடு வாப்பா எப்படித் தொழுவார் என்பதுதான் உம்மாவின் கவலை. மாமா போன பிறகு வாப்பாவிடம் கேட்டார். வாப்பா பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டார். பாத்திரத்துக்கு உள்ள சட்டம் வண்டிக்கும் பொருந்தும், பேணுதலுக்குக் கழுவினால் நல்லது என்று லெப்பை சொல்லிவிட்டார். "சரி, கழுவு" என்றார் வாப்பா. இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், கழுவச் சொன்னவர் வாப்பா. பிறகு அதை வீட்டில் யாருமே ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

கிணற்றடியில் நானும் உம்மாவும் கழுவினோம். உம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. செம்மண்ணைக் கரைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தார். சக்கரக் கம்பி, சங்கிலி, இயந்திரத்துக்குக் கீழே எல்லா மூலையும் தேய்த்தார். கார்புரேட்டரின் கிண்ணத்தில் புதுப் பெயின்ட் உரிந்து வந்தது. அதற்கடியிலிருந்து வெள்ளை நுரை வழிந்தது.

"உம்மா, நுரை வருது" என்றேன்.

"வண்டியில உள்ள எண்ணெயா இரிக்கும். தண்ணிய ஊத்து" என்றார்.

அடுத்த நாள் காலையில் விறாந்தை முழுக்கப் பெற்றோல் மணம். வண்டிக்குக் கீழே சீமெந்தில் ஈரம் படர்ந்து, வெயில் பட்டு, மயில் கழுத்து நிறங்கள் காட்டியது. நான் அழகாக இருக்கிறது என்று குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா வந்து பார்த்து, அவசரமாகத் தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்குகிற திருகை மூடினார். கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு நின்றது. திருகைத் திறந்தார், மறுபடி சொட்டியது.

மாமாவுக்கு ஆள் போனது. மாமா வந்தார், குனிந்தார், கார்புரேட்டரைப் பார்த்தார். பெயின்ட் உரிந்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டுதான் நிமிர்ந்தார்.

"இதென்ன மச்சான், வண்டிய வெள்ளாவி வச்சீக்கிறீங்க?"

வாப்பா நடந்ததைச் சொன்னார். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "தங்கச்சி, மோட்டாருக்கும் மண் போட்டா கழுவின? மண் உள்ளுக்குப் போய்ட்டு. இனி என்னத்துக்கு மத்தப் பேச்சு. கழட்டிக் கழட்டி மண்ண எடுக்கத்தான் வேணும்."

அவ்வளவுதான். உம்மா தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுநாளே பசாரில் இந்தக் கதை பறந்துவிட்டது. மாமாவின் கடையில் சாமான் வாங்கப் போனவர்களுக்கெல்லாம் கொசுறாகக் கிடைத்தது போலும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை 'ஏழு தரம்' என்று கூப்பிட்டார்கள். வாப்பா தோட்டத்துக்குப் போனால் அங்கேயும் கேட்டார்களாம், வண்டிக்குத் தொழுகைக்கு உளூச் செய்து கழுவியாச்சா என்று. வாப்பா மானஸ்தர். சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்ததும் சிரிப்பு போய்விடும்.

பிறகு தொடங்கியது அந்த ஒழுக்கு வைத்தியம். துரை வைத்திருந்த குறிப்புப் புத்தகம் ஒன்று வண்டியோடு வந்திருந்தது, இங்கிலீஷில். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், வாப்பா செய்வார். கார்புரேட்டரின் கிண்ணத்துக்குள் 'ஃப்ளோட்' என்று ஒன்று இருப்பதாக அதில் போட்டிருந்தது. பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்டு, மிதக்கிறது என்று வந்து சொன்னேன். மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னப் பித்தளை டப்பி ஒன்று, நடுவில் ஊசி குத்தியபடி. பெற்றோல் நிறைந்தால் டப்பி மிதந்து மேலே வரும், ஊசி போய் வழியை அடைக்கும். டப்பியில் ஓட்டை விழுந்தால் மிதக்காது, ஊசி வளைந்தால் அடைக்காது, ஊசி உட்காரும் வாயில் தூசி இருந்தாலும் அடைக்காது. வாப்பாவுக்கு இது விளங்கியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா உன்ட மகள்ட படிப்ப" என்று உம்மாவிடம் சொல்லப் போனவர், உம்மா மேலிருந்த கோபம் ஞாபகம் வந்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

டப்பியைக் காதருகே வைத்து ஆட்டினோம். உள்ளே சத்தமில்லை. இடியப்பச் சட்டியின் வெந்நீரில் அமுக்கிப் பிடித்தோம். ஓட்டை இருந்தால் காற்றுக் குமிழி வரும் என்று புத்தகம் சொன்னது. ஒரு குமிழியும் வரவில்லை, அந்தச் சட்டியில் அவித்த இடியப்பம்தான் பிறகு பல நாள் பெற்றோல் மணத்தது. ஊசியை உம்மாவின் முகக்கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தார் வாப்பா. நேராக உருண்டது. ஊசி உட்காரும் வாயைத் துணித்திரியால் துடைத்துத் துடைத்துப் பொன் போல ஆக்கினார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார், திருகைத் திறந்தார். சொட்டு.

சொட்டு விழுந்தது கிண்ணத்துக்குக் கீழே இருந்த நட்டிலிருந்து. அதனால் நட்டையும் மாற்றினார், தோல் வாசர் வெட்டிப் போட்டார். மறுபடியும் சொட்டு. இன்னும் மண் இருக்கிறது என்று மறுபடி கழற்றினார். எனக்கு இப்போது நினைத்தால் அழுகையும் சிரிப்பும் வருகிறது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில், கூரை ஒழுக்குப் பார்த்தே வளர்ந்த மனிதர். தண்ணீர் சொட்டுகிற இடத்திலேயே ஓடு உடைந்திருக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மண் உள்ளே போய்விட்டது என்று மாமா சொல்லிவிட்டாரே. மாமா சொன்ன பிறகு வாப்பா உள்ளே மட்டும்தான் தேடினார். வெளியே ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு தரம் பூட்டி ஒழுகும்போதும் உம்மா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். ஏசமாட்டார். ஏசியிருந்தால் உம்மா பதில் சொல்லியிருப்பார். வெள்ளைச் சட்டைகள் தைத்து முடிந்து அலுமாரியில் இருந்தன. கண்டிப் பள்ளிக்கூடத்தைப் பற்றி உம்மா வாயைத் திறப்பதில்லை. நான் திறந்தால் கண்ணால் அடக்குவார்.

ஒருநாள் வாப்பா தோற்றுப்போய், மறுபடி பொட்டணியோடு நடந்து பன்விலவுக்குப் போனார். வீட்டில் நானும் உம்மாவும்தான். உம்மா குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு, அரிசி மாவை ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். புதுப் பானை வாங்கினால் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, வெளியே உலர்ந்த மாவைப் பூசி உள்ளே தண்ணீர் ஊற்றி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கார்புரேட்டர் கிண்ணத்தை நன்றாகத் துடைத்து, காயவிட்டு, மாவைப் பூசினார். கறுப்புக் கிண்ணம் வெள்ளையாகிவிட்டது.

"திருக மெதுவாத் திற" என்றார்.

திறந்தேன். இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். கிண்ணத்தின் பின்பக்கம், இயந்திரத்தை ஒட்டி, கண் படாத இடத்தில் மாவு நனையத் தொடங்கியது. தலைமயிர் போல ஒரு கோடு மேலிருந்து கீழே வளைந்து இறங்கியது. கிண்ணம் எப்போதோ விழுந்து வெடித்திருக்கிறது. உள்ளே மண் இல்லை. மண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. உம்மா கொண்டை ஊசியால் அந்த வெடிப்பைச் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ மாவு போல வந்தது. விரலில் தேய்த்தார், மூக்கருகே கொண்டு போனார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். நுரைத்தது.

"சவர்க்காரம்" என்றேன். "நான் அண்டைக்கே செல்லினேனே உம்மா, நுரை வருதுன்னு."

சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. வெடிப்பில் அப்பி மேலே பெயின்ட் அடித்துவிட்டால் மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீரில் மட்டும்தான் கரையும். அந்தப் பெயின்ட் யார் கையால் அடித்தது என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவரே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். தெரிந்தே அடைத்து, தெரிந்தே விற்று, அது வெளிப்பட்டபோது தங்கச்சியின் தலையில் மண்ணைப் போட்டுச் சிரித்திருக்கிறார்.

உம்மா அப்படியே சீமெந்தில் உட்கார்ந்துவிட்டார். நான் வாப்பாவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உம்மா மேல் பிழையில்லை, இனி யாரும் சிரிக்க மாட்டார்கள், கண்டிக்கும் போகலாம். உம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கிணற்றடிக்குப் போய், துணி துவைக்கிற சவர்க்காரக் கட்டியை எடுத்து வந்தார். ஒரு துண்டைப் பிசைந்து வெடிப்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தி, வழித்து, அடுப்புக் கரியைத் தொட்டு மேலே பூசினார். மாவைத் துடைத்தெடுத்தார்.

"வாப்பாக்கிட்ட செல்லாதே" என்றார்.

"ஏன் உம்மா?"

"உங்க வாப்பா ஒரு தரம் வாசல்படி மிதிக்காதேன்னு செல்லினா, அது மவுத்து வரைக்கும்தான். உனக்குத் தெரியாது. என்ட நானா அவர் ஒராள்தான். அவரும் இல்லாட்டி எனக்கு ஆரு இரிக்கி?"

அப்படிக் கேட்டபோது நான் அவர் பக்கத்தில்தான் இருந்தேன், தோளோடு தோள் இடிக்க.

வாப்பா திரும்பி வந்து திருகைத் திறந்து பார்த்தார். சொட்டவில்லை. மறுபடி பார்த்தார். சொட்டவில்லை. கடைசி மண்ணும் போய்விட்டது என்று குழந்தை போலச் சந்தோஷப்பட்டார். தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் அடுத்த பெருமழைவரைதான் தாங்கியது. வண்டி மறுபடி ஒழுக ஆரம்பித்து, கடைசியில் கண்டியில் யாருக்கோ கை மாறியது. அதற்குள் எனக்கு அதைப் பற்றிய அக்கறை போய்விட்டது. மலைப்பாதையில், சூடேறிய இயந்திரத்தின் மேல், ஒரு சவர்க்காரத் துண்டை நம்பி வாப்பா ஓடியிருக்கிறார் என்பதே பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. உம்மா வெடிப்பை அடைத்த அந்த நாள் இரவு எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாமா செய்ததை வியாபாரம் என்று சொல்லித் தள்ளிவிடலாம். உம்மா செய்ததை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சொட்டு நின்ற அந்த வாரமே, வண்டி சரியானதற்காக வெள்ளிக்கிழமை வாப்பா மாமாவைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஜும்ஆ முடிந்து இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். உள்ளே வருமுன் மாமா வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். கிண்ணத்தின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவினார், விரலைப் பார்த்தார், சாரத்தில் துடைத்துக்கொண்டார். குசினி வாசலில் நின்ற உம்மாவை ஒரு தரம் பார்த்தார். உம்மாவும் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, தன் தங்கச்சிக்குத் தெரியும் என்று.

பாயில் சகன் வைத்திருந்தது, சேர்ந்து உண்ணுகிற பெரிய தட்டு. நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும். வாப்பாவும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சகனில் கை வைத்தார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு சுவரோரம் நின்றேன்.

மாமா சிரித்துப் பேசினார், ஆனால் அதிகம் பேசவில்லை. வாப்பாதான் பேசிக்கொண்டிருந்தார், மண்ணை எப்படி எடுத்தேன், ஊசியை எப்படி உருட்டினேன் என்று. பிறகு தானாகவே அந்தப் பேச்சுக்கு வந்தார்.

"கண்டிப் பள்ளிக்கூடம் ஒண்டும் வேணாம் மச்சான். இவள்ட பேச்சக் கேட்டு ஒரு தரம் பட்டது போதும். மோட்டார மண்ணால கழுவுறவளுக்குப் படிப்பப் பத்தி என்ன தெரியும். புள்ள இனி வீட்டிலேயே நிக்கட்டும்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது வாய்க்குப் போகவில்லை. "தங்கச்சிய ஏசாதீங்க மச்சான்" என்றார், தொண்டைக்குள்.

நான் உம்மாவைப் பார்த்தேன். ஒரு சொல் போதும். சவர்க்காரம் என்ற ஒரு சொல். நான் சொல்லத் தேவையில்லை, உம்மா சொன்னால்தான் அது சரி என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன். உம்மாவுக்கு நான் பார்ப்பது தெரியும். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

உம்மா சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு பாயருகே வந்து குனிந்தார்.

"நீங்க ஒண்டுமே தின்னல்லயே நானா" என்றார். மாமா பக்கம் சோற்றைக் குவித்தார். நல்ல இறைச்சித் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கி அதன் மேல் வைத்தார். மாமா கையை ஒதுக்கி இடம் விட்டார், தலையைத் தூக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் உம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த செம்பைத்தான் பார்த்தார்.

"மகள், மாமாட கைக்குத் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினேன்.